கூரை போன அமேசானும் நான்கு குளிர்காலங்களும்

வோல்வோ என்ற பெயரை நம்மில் பலர் முதலில் பார்த்தது ஒரு பஸ்ஸின் முகப்பில்தான். நானும் அப்படித்தான். வேலைக்காக சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்கு வந்த இரண்டாம் வருடம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் டிராம் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வெளிர் நீலத்தில் ஒரு பழைய கார் மெதுவாகக் கடந்து போனது. உருண்ட தோள்கள், நடுவில் பிரிந்து இரண்டாக நிற்கும் முன் கிரில், டிக்கி வரை ஒரே ஓட்டமாகப் போகும் இடுப்புக் கோடு. பக்கத்தில் நின்ற பாட்டியம்மா நான் கேட்காமலே "அமேசான்" என்றார். அவருடைய அப்பா வாங்கிய முதல் கார் அதுதானாம். டிராம் வந்தும் அவர் ஏறவில்லை. கார் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து எனக்கும் அந்த வோல்வோ கார் மேல் ஒரு கண். யான் வில்ஸ்கார்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்தது. 1956 முதல் 1970 வரை 6.6 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். நான்கு கதவு, இரண்டு கதவு, கூரை பின்கோடி வரை நீளும் எஸ்டேட் என்று வந்ததே தவிர, கூரை திறக்கும் அமேசானைக் கம்பெனி விற்கவில்லை. 1963-ல் பிரஸ்ஸல்ஸில் ஜாக் கூன் என்ற பாடி கட்டும் பட்டறைக்காரர் மட்டும், விரல் விட்டு எண்ணக்கூடிய சில அமேசான்களைக் கன்வெர்டிபிளாக மாற்றினார். அவற்றில் ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கும் அமேசானை வெட்டாதீர்கள். முழுசாக இருக்கும் ஒரு பழைய வண்டியின் கூரையில் கிரைண்டரை வைக்க எனக்கு மனசு வராது, யாருக்கும் வரக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி வண்டி. 2005 ஜனவரியில் 'குட்ருன்' என்ற புயல் தெற்கு சுவீடனைப் புரட்டிப்போட்டது. ஒரே இரவில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. ஸ்மோலாந்து பகுதியில், யூங்பி ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகை மேல் விழுந்த ஸ்ப்ரூஸ் மரம், உள்ளே நின்ற 1966 மாடல் இரண்டு கதவு அமேசானின் கூரைப் பின்பாதியை அமுக்கிவிட்டது. முன் கண்ணாடிச் சட்டமும் கதவுத் தூண்களும் தப்பித்தன. பதினோரு வருடம் அது அப்படியே கிடந்தது. 12,000 குரோனருக்கு வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். இளவயதில் எரிக்ஸ்பெர்க் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். சுவீடிஷ் மொழியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒரே 'டூ'தான். இருந்தாலும் மனசுக்குள் அவரை நான் 'நீங்கள்' என்று சொல்லித்தான் பேசுவேன். டிரெய்லரில் இருந்த வண்டியைச் சுற்றி வந்தார். கூரையைத் தொடவே இல்லை. குனிந்து, கதவுக்குக் கீழே இருக்கும் தகரத்தைச் சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். மூன்று இடத்தில் சுத்தியல் உள்ளே போனது.

"கூரையை எடுக்கப் போகிறேன்" என்றேன்.

"அது கடைசி வேலை. முதல் வேலை இங்கே" என்று தரையைக் காட்டினார்.

அமேசானுக்குத் தனி சேசிஸ் கிடையாது. லாரி மாதிரி கீழே இரும்புச் சட்டம், மேலே பாடி என்று இல்லாமல் தரை, பக்கம், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியாகப் பாரம் தாங்கும் அமைப்பு அது. அதனால் கூரை மழைக்காக மட்டும் இல்லை. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது வண்டி முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பெரியவர் இதைக் கப்பலை வைத்துச் சொன்னார். சரக்கு இறக்க மேல்தளத்தில் பெரிய திறப்பு வெட்டினால் கப்பல் அலையில் முறுக ஆரம்பிக்கும். அதற்காகத் திறப்பின் ஓரங்களைத் தடித்த இரும்புத் தகட்டால் கட்டுவார்கள், இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாக அடைப்பார்கள். காருக்கும் அதே கணக்குதான். மேலே எடுத்ததைக் கீழே போட வேண்டும். போடுவதும் எடுத்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தரைமட்டத்தில் இருக்கும் இரும்பு, உயரத்தில் இருந்த கூரையின் வேலையை அவ்வளவு லாவகமாகச் செய்யாது.

வோல்வோவே இதில் சூடுபட்டிருக்கிறது. ஐம்பதுகளில் ஃபைபர் கிளாஸ் உடலோடு பி 1900 என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். 1956-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த குன்னர் எங்கெல்லாவ் அதில் ஒன்றைத் தானே ஓட்டிப் பார்த்தார். அது ஓடிய விதம் பிடிக்காமல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார். மொத்தம் எழுபதைக்கூட எட்டவில்லை. இதைப் படித்த பிறகு பெரியவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசவில்லை.

முதல் குளிர்காலம் முழுக்கத் துரு வேலைதான். இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அமேசானில் எங்கெல்லாம் தங்குமோ அங்கெல்லாம் பார்த்தேன். கதவுக்குக் கீழ் உள்ள சில், ஜாக்கி வைக்கும் இடங்கள், டிக்கிக்குள் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் ஃபெண்டரில் ஹெட்லைட்டுக்குப் பின்புறம். மேலே பட்டி பூசி மறைத்திருந்த இடங்களை எல்லாம் நல்ல தகரம் வரும்வரை வெட்டினேன். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். துருப்பிடித்த சில்லின் மேல் போட்ட பலம் எதுவும் பலம் இல்லை.

அப்புறம் கதவு இடைவெளி. கன்வெர்டிபிள் வேலையில் இதைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது. கதவு சரியாகப் பொருந்தி இருக்கும்போதே, கதவுக்கும் பாடிக்கும் நடுவே மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் இடைவெளியை அளந்து, அந்த இடத்திலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதிவைத்தோம். பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். கதவு வாசலின் குறுக்கு அளவுகளையும் எழுதினோம். அதன் பிறகு 30 மில்லிமீட்டர் சதுரக் குழாயைக் கதவு வாசலின் உட்பக்கமாக முன் தூணிலிருந்து பின் தூணுக்கு, கதவு திறந்து மூடத் தடை இல்லாதபடி வெல்டு வைத்தோம். இரண்டு பின் தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல இன்னும் இரண்டு குழாய். கதவைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யக் கூடாது. கதவுதான் நமக்கு அளவுக் கட்டை.

இவ்வளவு கவனமாக இருந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். பெரியவர் ஊரில் இல்லாத ஒரு வாரம். கூரை இன்னும் வண்டியில்தான் இருந்தது. ஆனால் வலது பக்கச் சில்லை வெட்டி எடுத்திருந்தேன். வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தியிருந்தேன். அவற்றை முன் பம்பருக்குப் பக்கத்திலும் டிக்கிக்குக் கீழும் தள்ளி வைத்தது, கீழே படுத்து வேலை பார்க்க இடம் வேண்டும் என்பதற்காக. புதுச் சில்லை வைத்து முழுக்க வெல்டு அடித்து முடித்தேன். அன்று இரவு கதவை மூடிப் பார்த்தால் மேல் மூலை பின் தூணில் உரசியது. 5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 2 மில்லிமீட்டர். இரண்டு முனைகளில் தாங்கிய வண்டி நடுவில் தொய்ந்திருந்தது. சதுரக் குழாய் மட்டும் அந்தத் தொய்வைப் பிடிக்கப் போதவில்லை. தொய்ந்த நிலையிலேயே நான் அதை வெல்டு வைத்து நிரந்தரமாக்கிவிட்டேன்.

பெரியவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. கிரைண்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். மூன்று நாள் வேலையை அரை நாளில் வெட்டி எடுத்தோம். ஸ்டாண்டுகளை அச்சுகளுக்குப் பக்கத்தில், பாரம் உண்மையில் இறங்கும் இடங்களுக்கு மாற்றினோம். நடுவில் ஒரு மரக்கட்டையும் பாட்டில் ஜாக்கியும் வைத்து, மார்க்கரில் எழுதிய 5 திரும்பக் கிடைக்கும்வரை துளித் துளியாகத் தூக்கினோம். இந்த முறை ஒரே மூச்சில் வெல்டு அடிக்கவில்லை. இரண்டு சென்டிமீட்டர் வலது பக்கம், அது ஆறும்வரை இடது பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர், மறுபடி கதவை மூடிப் பார்ப்பது. இப்படியே நான்கு வார இறுதிகள் போயின. ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக முடித்தால் சூடு ஆறி இழுக்கும்போது வண்டியே வளையும். கப்பல் தளத்தில் இதற்கென்று வரிசை எழுதிக் கொடுப்பார்களாம்.

கீழே என்னென்ன போட்டோம் என்பதையும் சொல்கிறேன். சில்லுக்குள் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நடுச்சுவர். தரையின் இரண்டு ஓரத்திலும் முன் சட்டத்திலிருந்து பின் அச்சுப் பிடிப்பு வரை 80-க்கு 40 மில்லிமீட்டர் செவ்வகக் குழாய். முன் சீட்டுக்குக் கீழே இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாய். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே இருந்த திறப்பை 1.5 மில்லிமீட்டர் தகடால் மூடினோம். இந்த ஒரு தகடு செய்த வேலை எனக்கு ஆச்சரியம். தீப்பெட்டியின் வெறும் மேலுறையை விரலால் அமுக்கினால் சாய்ந்துவிடும், உள்பெட்டியைச் செருகினால் நிற்கும் இல்லையா, அப்படித்தான். முன் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் ஒரு குழாயை வளைத்து நுழைத்து, கீழே தூணின் அடியோடு சேர்த்தோம்.

கூரையை வெட்டிய நாள் இரண்டாவது குளிர்காலத்தின் கடைசியில்தான் வந்தது. இருபது நிமிட வேலை. ஆசைப்பட்ட நாள் அதுதான். ஆனால் அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது கதவு இடைவெளியை மட்டும்தான். அது அசையவில்லை.

பிறகு ஒரு சோதனை செய்தோம், யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். வலது முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கதவு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. தற்காலிகக் குழாய்களை எடுத்த பிறகு 2 மில்லிமீட்டர் மாறியது. போதாது என்றார் பெரியவர். அந்தக் குறையைத் தீர்த்தது நான் ரொம்ப நாள் வேண்டாம் என்று மறுத்துவந்த ஒரு பொருள். முன் சீட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் குழாய், அதாவது ரோல் பார்.

கூனின் காரில் அந்த மாதிரி எதுவும் கண்ணை உறுத்தாது. இடுப்புக் கோட்டுக்கு மேலே முன் கண்ணாடி தவிர ஒன்றும் இருக்கக் கூடாது என்பதுதான் என் கனவு. அதை மாற்றியது சீட் பெல்ட். மூன்று முனை சீட் பெல்ட்டை வோல்வோவில் உருவாக்கியவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் விமானி வெளியே குதிக்கும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். 1959-ல் அந்த பெல்ட்டோடு வெளிவந்த முதல் கார்களில் அமேசானும் ஒன்று. காப்புரிமையை மற்ற கார் கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். இன்று உலகத்தில் யார் காரில் ஏறினாலும் தோளில் விழுவது அந்த பெல்ட்தான். அமேசானில் அதன் மேல் முனை கதவுக்குப் பின்னால் உள்ள தூணின் உயரத்தில் மாட்டியிருக்கும். கூரையோடு அந்தத் தூணின் மேல்பாதியும் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கட்டையில் பெல்ட்டை மாட்டினால் அது தோளுக்குக் கீழே இருந்து இழுக்கும். மோதும்போது முதுகெலும்பை அமுக்கும்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பட்டறையில் உட்கார்ந்து அந்த வெட்டுப்பட்ட தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்துக்கே பெல்ட் கொடுத்த காரில், பெல்ட் சரியில்லாமல் அவளை உட்கார வைப்பதா? மறுநாளே 45 மில்லிமீட்டர் குழாய்க்கு ஆர்டர் கொடுத்தேன். அதன் கால்களைப் புதுச் சில்லோடு சேர்த்து, தோள் உயரத்தில் பெல்ட்டுக்கான நட்டுகளைத் தடித்த தகட்டோடு வெல்டு வைத்தோம். பின்பக்கமாக இரண்டு சாய்வுக் குழாய், சக்கர வளைவுக்கு மேல். இதற்குப் பிறகு அதே ஜாக்கி சோதனையில் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான் மாறியது. இப்போது கார் நிற்பதைப் பார்க்கும் சிலர், அந்தக் குழாய் மட்டும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு அழகு என்பார்கள். எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்த பாகமே அதுதான்.

சட்ட விஷயம் ஒன்று. சுவீடனில் 50 வயது தாண்டிய கார்களுக்கு வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு உண்டு, 30 வயது தாண்டினால் வண்டி வரியும் இல்லை. இதை நம்பிக் கூரையை வெட்டிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த அளவு மாற்றிய வண்டியைத் திரும்பப் பதிவுச் சோதனைக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன் எஸ்.எஃப்.ஆர்.ஓ என்ற வண்டி கட்டுவோரின் தேசிய அமைப்பின் பரிசோதகர் பார்ப்பார். நான் வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு அவரிடம் போனேன், அது நல்லதாகப் போயிற்று. மூடிப்போகும் ஒவ்வொரு வெல்டையும் மூடுவதற்கு முன் படம் எடுத்து வைக்கச் சொன்னார். 400 படங்கள் எடுத்தேன். கடைசியில் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று நிரூபிக்க என்னிடம் இருந்தவை அந்தப் படங்கள் மட்டும்தான்.

மூடிய பெட்டிகள் எல்லாவற்றிலும் தண்ணீர் வடிய அடியில் துளை போடுங்கள். உள்ளே முதலில் இளகிய துருத் தடுப்பு எண்ணெய், ஒரு மாதம் கழித்து மெழுகு. பலத்துக்காகப் போட்ட பெட்டிக்குள் தண்ணீர் தங்கினால் அதுவே காரைத் தின்றுவிடும்.

இன்ஜின் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1.8 லிட்டர் பி 18, ஐந்து பேரிங்கில் சுழலும் கிராங்க். கார்புரேட்டரைக் கழுவி, கேஸ்கெட்டுகளை மாற்றி, புது எண்ணெய் ஊற்றியதும் ஓடியது. பெயின்ட் வெளியில் கொடுத்தேன். அதே வெளிர் நீலம்.

துணிக் கூரைக்கு மூன்றாவது, நான்காவது குளிர்காலங்கள் போயின. மடிப்புச் சட்டத்தைப் புதிதாகச் செய்வது எங்களால் முடியாது என்று தெரிந்ததும், கழித்துப் போட்ட ஒரு சாப் 900 கன்வெர்டிபிளின் சட்டத்தை வாங்கினேன். அமேசானைவிட அது அகலம். ஹைட்ராலிக் குழாய்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, குறுக்கு வளைவுகளை நடுவில் வெட்டி, உள்ளே குழாய் செருகி அகலத்தைக் குறைத்தோம். ரோல் பார் இடிக்காமல் மடிய, கீல்களைப் பலமுறை நகர்த்த வேண்டியிருந்தது. கதவுக் கண்ணாடியைச் சுற்றியிருந்த சட்டத்தை வெட்டினேன், கண்ணாடி மட்டும் பழையதுதான். அது டெம்பர் செய்த கண்ணாடி, வெட்ட முயன்றால் தூள் தூளாகிவிடும். அதனால் கண்ணாடியின் வடிவத்துக்குத் துணியும் ரப்பரும்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

துணி தைத்தவர் ஓருஸ்ட் தீவில் படகுகளுக்கு மூடுதுணி தைப்பவர். கார் மெத்தை தைப்பவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் அவரிடம் போனேன். கடற்காற்றையும் மழையையும் சேர்த்துத் தடுப்பது அவருக்குத் தினசரி வேலை. சட்டத்தை முழுசாக இழுத்து நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, டேப் ஒட்டிக் கோடு வரைந்து, அதைப் பிரித்து அச்சாக எடுத்துக்கொண்டார். மாட்டிய பிறகு இரண்டு வாரம் மடிக்கக் கூடாது என்றார். ஈரத்தோடு ஒருபோதும் மடிக்கக் கூடாது. பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலைக் குளிரில் மடித்தால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் அதற்குத் தனி ஜிப் வைத்து, மடிக்காமல் கழற்றி எடுக்கும்படி செய்து கொடுத்தார்.

எடை போட்டுப் பார்த்தபோது, எடுத்தது சுமார் 40 கிலோ, போட்டது 75 கிலோவுக்கும் மேல். கூரை இல்லாத கார் லேசாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். செலவு, வாங்கிய விலையையும் சேர்த்து, 1,40,000 குரோனரைத் தொட்டது. பெரியவர் ஒரு குரோனர்கூட வாங்கவில்லை. அந்த உழைப்புக்கு விலை போட்டிருந்தால் என்னால் முடிந்திருக்காது. நன்றாக ஓடும் மூடிய அமேசானை இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கலாம். கணக்குப் பார்த்து இறங்கும் வேலை இல்லை இது.

முதல் கோடையில் கோத்தன்பர்க்கின் ஹாகா பகுதியில் கல் பதித்த தெருக்களில் ஓட்டினோம். ஸ்டியரிங் கம்பம் லேசாக நடுங்கியது. மூடிய காரில் இல்லாத நடுக்கம், முழுசாகப் போக்க முடியாது. முன் சஸ்பென்ஷன் மேடைகளிலிருந்து இன்ஜின் அறைச் சுவருக்கு இரண்டு சாய்வுக் கம்பிகள் மாட்டியதும் பாதிக்கு மேல் குறைந்தது. டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் தெரியும் பின்வண்டி இப்போது இரண்டாகத் தெரிவதில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் வண்டியை வெளியே எடுக்கும்போது பெரியவர் வருவார். கூரை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மாட்டார். கதவைத் திறந்து, பெயின்ட் அடிக்கும்போதும் அழிக்காமல் விட்ட அந்த எண்களுக்குப் பக்கத்தில் அளவுத் தகட்டைச் செருகுவார். இந்த வருடம் இடது பக்கம் மூன்று இடத்திலும் 5. வலது பக்கம் மேலே நாலரை. தகட்டைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது போதும். சாவியைக் கொடு, இன்றைக்கு நான் ஓட்டுகிறேன்" என்றார்.

மகள் பின் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.